52307 எங்கே போச்சு?

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில், ஞானாம்பாளின் மேசையைத் தாண்டாமல் ஒரு சட்டைகூடப் பெட்டிக்குள் போனதில்லை. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு உதறு, ஒரு திருப்பு. ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விழுந்த கோடு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. "ஞானாக்கா கோயிலுக்குப் போனாக்கூட, சாமி கட்டியிருக்கற வேட்டியில தையல் நேரா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் கையெடுக்கும்" என்று மடிப்பு மேசைப் பெண்கள் சிரிப்பார்கள்.

சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆனால் சந்தேகத்துக்கு ஷிப்ட் முடியும் நேரம் தெரியுமா? கம்பெனி வேனில் அவளோடு ஏறி நல்லூர் வீடு வரை அதுவும் வந்தது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி எதையோ நினைத்துச் சிரிக்கிறாள், மகள் சித்ரகலா போனில் வேண்டுமென்றே மெதுவாகப் பேசுகிறாள். இதெல்லாம் சின்னச் சின்னச் சந்தேகங்கள். பெரியது ஒன்று இருந்தது. அது அவள் புருஷன் நஞ்சப்பனைப் பற்றியது.

நஞ்சப்பன் நல்லூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வீட்டின் முன்பக்கத்திலேயே பைக் பட்டறை வைத்திருந்தார். பேச்சே இல்லாத மனிதர். காலையில் பட்டறைக் கதவைத் தூக்கினால் பொழுது சாயும் வரை ஸ்பேனர்தான் பேசும். பட்டறையின் பின்மூலையில், கட்டிங் வேஸ்ட் துணிகளைத் தைத்துச் செய்த ஒரு போர்வைக்கு அடியில், ஒரு பழைய பட்டாள மோட்டார் சைக்கிள் நின்றது. ஞானாம்பாளின் அப்பா ஓட்டிய வண்டி.

வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. சண்டை முடிந்ததும் ஏலத்தில் போய், இரண்டு கை மாறி அப்பாவிடம் வந்து சேர்ந்தது. பருத்தித் தரகு பார்த்த மனிதருக்கு அந்த வண்டிதான் கால். ஊர் ஊராகச் சுற்றுவார். ஒரு வறட்சி வருஷத்தில் அதன் எஞ்சினைக் கழற்றிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் பூட்டிவிட்டு, வண்டிக்கு வேறு எஞ்சின் மாட்டியதும் அவரே. கடைசிக் காலத்தில் வண்டி நின்றுபோனது. "மாப்பிள்ளை, நீங்களே வெச்சிருங்க, எப்பவாச்சும் ஓட வெய்யுங்க" என்று நஞ்சப்பனிடம் தள்ளிவிட்டார். தொண்ணூற்றெட்டில் கண்ணை மூடினார்.

மூன்று வருஷம் கழித்து ஞானாம்பாளின் தம்பி மோகன்ராஜ், கோயம்புத்தூரிலிருந்து பழைய வண்டி புரோக்கர் ஒருவரோடு பட்டறை வாசலில் வந்து நின்றான். அப்பா வண்டியை விற்கிற யோசனை. அப்பாவின் பெட்டியிலிருந்த ஆர்.சி. புத்தகம் அவன் கையில் இருந்தது. புரோக்கர் குனிந்து, ஃபிரேமில் வெட்டியிருந்த எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் வெள்ளையாக எழும்பியது. புத்தகத்தோடு வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"புத்தகத்துல 52307. வண்டியில 62307. ஃபிரேமையே மாத்தியிருக்காங்க தம்பி. அசல் ஃபிரேமுக்கு வெளியூர்ல நல்ல கிராக்கி. உங்க மச்சானைக் கேட்டுக்கங்க."

மோகன்ராஜ் கேட்டான். தெருவே கேட்கும்படி கேட்டான். "அசல் எங்க மச்சான்? எங்கப்பன் வண்டிய எவனுக்குத் தள்ளி உட்டீங்க? ஏதோ காயலான் கடை ஃபிரேம மாட்டி எங்களை ஏமாத்தலாம்னு பாக்கறீங்களா?"

நஞ்சப்பன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் விக்கலீங்க மாப்ளை. இதுதான் உங்கப்பன் வண்டி" என்றார். அவ்வளவுதான். எப்படி எண் மாறியது என்று ஒரு வார்த்தை இல்லை. கோபம் இல்லை, சத்தியம் இல்லை. குற்றமில்லாதவன் இப்படியா இருப்பான்? திருடன் என்று சொன்னவனின் சட்டையையாவது பிடிக்க மாட்டானா?

ஞானாம்பாள் அன்றைக்கு வாசற்படியில் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். பனியன் துணியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அது அங்கேயே நிற்காது, இழுக்க இழுக்கக் கீழே ஓடும். அன்றைக்கு அவள் மனசில் ஒரு கண்ணி விட்டது. அந்த வருஷம் பட்டறைக்குப் புதுக் கம்ப்ரசர் வந்ததே, எப்படி? மாதம் ஒரு முறை ஈரோட்டுக்கு ஸ்பேர் வாங்கப் போகிறாரே, ஸ்பேருக்குத்தானா? வாய்விட்டு ஒருநாளும் கேட்டதில்லை. பரிமாறும்போது பார்த்தாள், தூங்கும்போது பார்த்தாள், அவர் சட்டையைத் துவைக்கும்போது பையைப் பார்த்தாள். ஐந்து வருஷம் இப்படியே போனது.

2006 ஐப்பசியில் சித்ரகலாவுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. தையில் முகூர்த்தம். ஞானாம்பாளுக்குக் கூடப் பிறந்தவன் மோகன்ராஜ் ஒருத்தன்தான். தாய்மாமன் சீர் இல்லாமல் ஒரு கல்யாணமா? வெற்றிலைத் தட்டோடு பல்லடம் பக்கத்திலிருந்த பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினாள்.

மோகன்ராஜ் தட்டைத் தொடவில்லை. "அக்கா, உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. ஆனா திருடன் ஊட்டு வாசல்ல நான் கால் வெக்க மாட்டன். 52307 எங்க போச்சுன்னு உம் புருசனைச் சொல்லச் சொல்லு. சொன்ன அன்னிக்கு வாரன்."

"ஒறம்பரை சனமெல்லாம் கேக்குமே, தம்பி. மாமன் எங்கன்னு மாப்பிள்ளை ஊட்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"கேக்கட்டும். உம் மவ கண்ணாலத்துல தலைகுனிஞ்சு நிக்கறது நானில்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் ஞானாம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். தம்பி மேல் கோபம் வந்ததா என்றால், இல்லை. அவன் கேட்டது அவளும் கேட்க வேண்டிய கேள்வி. அதுதான் அவளை அழவைத்தது.

கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் கம்பெனியிலேயே இருந்தான். அது அவளுக்கு ஒரு மத்தியானம்தான் தெரிய வந்தது.

ராபின் மெர்ச்சன்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவன். நாகர்கோவில்காரன், முப்பது வயசு. ஒரு சாம்பிள் சட்டைக்கு ஒப்புதல் வாங்க அவன் அறைக்குப் போனாள். மேசை மேல் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது, கண் கம்ப்யூட்டரில் இருந்தது. திரையில் வரிசை வரிசையாகப் பட்டாள மோட்டார் சைக்கிள்கள். அப்பா வண்டி! அதே விளக்கு, அதே தொட்டி.

"ஏனுங்க தம்பி, கம்பெனி நேரத்துல என்ன பார்க்கறீங்க?"

ராபின் திடுக்கிட்டுத் திரும்பினான். "சாப்பாட்டு நேரந்தானக்கா. சும்மா ஒரு கிறுக்கு. பழைய பிரிட்டிஷ் பட்டாள வண்டிகள்ல இருக்க நம்பரை வச்சு அது எப்போ, எந்த ஆர்டர்ல செஞ்சதுன்னு கண்டுபிடிக்கது. இங்கிலாந்துல இதுக்குன்னே ஒரு சங்கம் இருக்கு, நான் மெயில்ல எழுதுவேன், அவங்களும் பதில் எழுதுவாங்க."

"அதுல உங்களுக்கு என்ன கெடைக்குது?"

"ஒண்ணும் கிடைக்காதுக்கா. அதான் கிறுக்குன்னேன்லா."

ஒன்றும் கிடைக்காமல் எவனாவது ஒன்று செய்வானா? ஞானாம்பாள் அந்தச் சிரிப்பை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. ஆனாலும் வேறு வழி இல்லை. வண்டி விஷயத்தைச் சொன்னாள். திருட்டுப் பேச்சை விட்டுவிட்டு, எண் மாறியிருப்பதை மட்டும் சொன்னாள். ராபின் டப்பாவை மூடிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"நம்ம பையர் ஆர்டருக்கு பி.ஓ. போடுதான் இல்லக்கா? இந்தப் பி.ஓ.வுக்கு இத்தனை பெட்டி, ஒண்ணாம் நம்பர்லருந்து வரிசையா. அது மாதிரி பட்டாளத்துக்காரன் கம்பெனிக்கு ஒரு காண்ட்ராக்ட் போடுவான். காண்ட்ராக்டுக்கு ஒரு நம்பர். அதுல செஞ்ச வண்டிக்கெல்லாம் ஃபிரேம் நம்பர் வரிசையா ஓடும். வண்டி கைக்கு வந்ததும் பட்டாளம் தன் பங்குக்கு இன்னொரு நம்பரைத் தொட்டியில பெயின்ட்ல எழுதும். லாரின்னா L போட்டு, டாங்கின்னா T போட்டு, மோட்டார் சைக்கிள்னா C போட்டு. அதுவும் வரிசைதான். ரெண்டு வரிசையும் கைகோத்துக்கிட்டுப் போகும்."

"அப்ப ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தெரிஞ்சுரும்."

"அதேதான்! நீங்க டக்குன்னு புடிச்சிட்டீங்க."

புகழ்ச்சியும் அவளுக்குச் சந்தேகம்தான். "வண்டிய விக்கறதுக்கில்லைங்க தம்பி, முன்னாலயே சொல்லிப்போட்டன்" என்று முடிச்சுப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். அன்றைக்கு நஞ்சப்பன் அவிநாசிக்கு ஒரு கருமாதிக்குப் போகவேண்டியிருந்தது.

புருஷன் இல்லாத நேரத்தில், புருஷன் பட்டறைப் பூட்டை, அவருக்குத் தெரியாமல் எடுத்த சாவியால் திறந்தாள். திருடி யார், அவரா நானா என்று ஒரு கணம் தோன்றியது. போர்வையை இழுத்துப் போட்டாள்.

ராபின் ஒரு துணியைத் தின்னரில் நனைத்து ஃபிரேமைத் துடைத்தான். அழுக்குக்கும் பெயின்ட்டுக்கும் அடியிலிருந்து எண் தெளிவாக வந்தது. 62307.

"ம்" என்றான். பையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்து விரலை ஓட்டினான். "அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம் பின்னால வந்த காண்ட்ராக்ட். அந்த வண்டிகள்ல பக்கப் பை மாட்டுததுக்கு ஃபிரேம்லயே ஒரு காது வச்சு வந்திருக்கணும். இங்க பாருங்க." பின்சக்கரத்துக்கு மேல் விரலை வைத்தான். வழவழவென்று இருந்தது. "காதே இல்ல. அறுத்த தடமும் இல்ல. ஃபிரேம் முந்தின காண்ட்ராக்ட், நம்பர் பிந்தின காண்ட்ராக்ட். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலியே."

ஞானாம்பாளும் குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நல்லதா கெட்டதா?

"தொட்டியைக் கொஞ்சம் சொரண்டலாமாக்கா?"

சொரண்டினார்கள். தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால், பூனையைத் தடவுவது போல மெதுவாக. மேலே கறுப்பு. அதற்கு அடியில் அப்பா காலத்துப் பச்சை. அந்தப் பச்சையை அவள் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். அதற்கும் அடியில் செம்மண் நிறம். பிறகு பட்டாளக் காக்கி. காக்கிக்கு நடுவே மங்கிய வெள்ளையில் ஒரு வளைவு. C. அப்புறம் ஒரு நான்கு. ஆறு. மூன்று. மீண்டும் மூன்று. ஒன்று. மூன்று. பூஜ்யம். ஏழு.

"இல்ல, பொறுங்க. ரெண்டாவது மூணுன்னு நெனச்சது வேற பெயின்ட் ஒழுகினது." ராபின் கண்ணைத் தொட்டியோடு ஒட்டினான். "C 4631307."

தாளைப் பார்த்தான். "முந்தின காண்ட்ராக்ட்ல முதல் ஃபிரேம் 51001. அதுக்குப் பட்டாள நம்பர் 4630001. நம்ம தொட்டி அதுலருந்து ஆயிரத்து முந்நூத்தி ஆறு தள்ளி இருக்கு. அப்ப ஃபிரேமும் ஆயிரத்து முந்நூத்தி ஆறு தள்ளி இருக்கணும். நீங்களே கூட்டுங்கக்கா."

அவள் உதடு அசைய மனசுக்குள் கூட்டினாள். இன்னொரு தடவை கூட்டினாள்.

"52307!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது அப்பா வண்டிதான். எங்கேயும் போகவில்லை. இங்கேயே, இந்தப் போர்வைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. ஐந்து வருஷம்! ஒரு வாய் சோறு போடும்போதெல்லாம் எத்தனை நினைத்தாள் அந்த மனிதரை!

ராபின் மறுபடியும் குனிந்து டார்ச் அடித்தான். "இந்த ஆறைப் பாருங்க. மத்த நம்பரெல்லாம் மிஷின் பஞ்ச், ஒரே ஆழம். இதுல அடிப்பாகத்துல மூடுதே வளைவு, அது மட்டும் உளியால கொத்தினது. அஞ்சாத்தான் இருந்திருக்கு. யாரோ மூடி ஆறாக்கியிருக்காங்க."

"யாரு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? பொதுவா நம்பரைத் திருத்துதது வண்டியை மறைக்கணும்னு நினைக்கவன்தான்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது.

அவள் கண் தானாகப் பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த உளிகளுக்குப் போனது. வண்டி மாறவில்லை, சரி. எண் மாறியிருக்கிறதே. மறைக்கத்தானே மாற்றுவார்கள்? தம்பி கேட்டால் 'உங்க வண்டி இது இல்லை' என்று சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டாரோ? சொல்லவில்லையே. சொல்லத் தைரியம் வரவில்லையோ? நின்றுபோன கண்ணி மீண்டும் ஓடத் தொடங்கியது.

வாசலில் நிழல் விழுந்தது. நஞ்சப்பன். கருமாதி வீட்டில் தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு நின்றார். சொரண்டிய தொட்டியைப் பார்த்தார். ராபினைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க," எழுந்துகொண்டே ஞானாம்பாள் கேட்டாள், "அஞ்சை ஆறாக்குனது ஆரு? உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"உங்கப்பன் வண்டி இதுதான்னு தெரிஞ்சு போச்சில்ல? அதோட உடு."

"அப்பத் தெரியும் உங்களுக்கு!"

அவர் போர்வையை எடுத்து வண்டியை மூடினார். நான்கு முனையையும் இழுத்து விட்டார். "உடுன்னா உடு, ஞானா" என்றார். குரல் உயரவில்லை. உள்ளே போய்விட்டார்.

அதற்குமேல் அவளால் வீட்டில் இருக்க முடியுமா? ராபினைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு அன்று மத்தியானமே பிறந்த ஊருக்குக் கிளம்பினாள். தம்பி கேட்டது '52307 எங்கே' என்பது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் கல்யாணத்துக்கு வந்துவிடுவான். மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

வாசலில் அத்தை வெள்ளையம்மாள் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை. மகள் வீட்டிலிருந்து போன வருஷம்தான் மோகன்ராஜோடு வந்து இருந்தாள். "வா சாமி, ஒல்லியாப் போயிட்டியே" என்று இடம் விட்டாள். மோகன்ராஜ் கட்டிலில் உட்கார்ந்து ராபின் சொன்னதையெல்லாம் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் தெளியவில்லை, இறுகியது.

"சரிங்க தம்பி. ஃபிரேம் அதேதான், ஒத்துக்கறன். அப்ப நம்பரை மாத்துனது ஆரு? உளி வெச்சிருக்கறது ஆரு? ஆர்.சி.யும் வண்டியும் ஒத்துவராமப் பண்ணிட்டா எங்களுக்கு விக்க முடியாது, அப்படியே அமுக்கிக்கலாம்னு பாத்திருக்காரு. திருட்டு திருட்டுத்தான். இப்ப அதுக்குச் சாச்சியும் வந்தாச்சு!"

விளக்கேற்ற வந்தவள் வீட்டுக்கே நெருப்பு வைத்துவிட்டாள். தன் மனசில் ஓடியதே தம்பி வாயிலிருந்து வந்தது. அதை வெளியே கேட்கும்போது எத்தனை அசிங்கமாக இருந்தது!

"என்ன நம்பரு?" என்றாள் வெள்ளையம்மாள்.

"உனக்கென்னத்தே, நீ கடலையப் பாரு."

"எந்த நம்பருன்னு கேக்கறன்டா."

"அப்பா வண்டி நம்பரு. அஞ்சுல இருந்ததை மச்சான் ஆறா மாத்திப்போட்டாரு. அதுக்குத்தான் இத்தனை வருசமாப் பேச்சு வார்த்தை இல்லை."

கடலை முறம் அத்தையின் மடியிலிருந்து சரிந்தது. "வண்டிய வித்துப்போட்டாருன்னுதானே எங்கிட்டச் சொன்ன? நம்பரைப் பத்தி எங்கிட்ட ஆருடா சொன்னா? அட பாவி! அதை மாத்துனது உங்கப்பன்டா!"

மோகன்ராஜ் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தான்.

"ஞானாவுக்குப் பொறவு பொறந்த பையன் ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். அடுத்தது பொறக்கறப்பவே போச்சு. நீ வயித்துல இருந்தப்ப உங்கப்பன் திருப்பூர்ல ஒரு எண் சோசியக்காரங்கிட்டப் போனாரு. ஊட்டு நம்பரு, காட்டு நம்பரு, எல்லாத்தையும் கேட்டானாம். வண்டி நம்பரைக் கூட்டிப் பார்த்தா எட்டு வந்திருக்குது. சனி. எட்டு ஏறுன வண்டி ஆம்பளைப் புள்ளைய நிக்க உடாது, தள்ளி உட்ருன்னுட்டான். வண்டியத் தள்ளி உட்டா சோத்துக்கு எங்க போறது? அதுக்குத்தான் நம்மூரு ஆசாரியக் கூட்டியாந்து ஒரு நம்பரை மூடி ஒம்பது வர வெச்சாரு. வண்டி சாயாம நாந்தான் புடிச்சிருந்தன். குங்குமம் வெச்சுக் கும்பிட்டம். நீ பொறந்த, நின்ன."

ராபின் தாளின் ஓரத்தில் பேனாவால் கூட்டினான். ஐந்து, இரண்டு, மூன்று, ஏழு. பதினேழு. எட்டு. ஐந்தை ஆறாக்கினால் பதினெட்டு. ஒன்பது. பேனாவை மூடினான்.

"இதை ஏன் இத்தனை நாளு ஆரும் சொல்லல?" மோகன்ராஜின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"எப்படிடா சொல்றது? பரிகாரம் ஆருக்குப் பண்ணுனமோ அவங்க காதுல உழுந்தா பலிக்காதுன்னு சோசியக்காரன் சத்தியம் வாங்கிப்போட்டான். வண்டியக் குடுக்கறப்ப உங்கப்பன் மாப்பிள்ளைகிட்ட மட்டுஞ் சொன்னாரு. 'எம் பையன் காதுல போட்றாதீங்க'ன்னு கையில அடிச்சு வாங்கிக்கிட்டாரு, நான் பார்த்துட்டுத்தான் இருந்தன். அந்த மனுசன் அதுக்காக..." அத்தை சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, இப்ப நானே சொல்லிப்போட்டனே! எஞ் சாமி, எம் பொன்னு, எந்திரி, கெழக்குப் பார்த்து நில்லு." உப்பு எடுக்க அடுப்படிக்கு ஓடினாள்.

"அவருக்கு நாப்பது வயசாயிட்டுல்லா அத்தை, இனி ஒண்ணும் ஆகாது" என்று ராபின் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

மோகன்ராஜ் கிழக்கே பார்த்து நின்றான். அத்தை உப்பைச் சுற்றினாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது. அப்பா தன் உயிருக்காக ஒரு எண்ணைத் திருத்தினார். அந்த எண்ணைக் காட்டியே அவன் மச்சானைத் திருடன் என்றான். அவரோ, வாயைத் திறந்தால் இவனுக்கு ஆகாது என்று, தெரு முழுக்கக் கேட்ட அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

ஞானாம்பாளுக்கு அழுகை வரவில்லை. தம்பி ஐந்து வருஷம் வெளியூரில் இருந்துகொண்டு சந்தேகப்பட்டான். அவள் அதே வீட்டில், அதே பாயில் இருந்துகொண்டு சந்தேகப்பட்டாள். எது பெரிய பாவம்?

பொழுது இறங்கும் முன்பே மோகன்ராஜின் வண்டியில் இருவரும் நல்லூர் வந்தார்கள். ராபின் பஸ்ஸில் போய்விட்டான். பட்டறை திறந்திருந்தது. நஞ்சப்பன் குத்தவைத்து ஒரு மொபெட் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். மோகன்ராஜ் வாசல் வரை வந்தான். கால் மேலே எழவில்லை. திருடன் வாசல் என்று சொன்ன வாய் அவனுடையது.

நஞ்சப்பன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பதற்றம்.

"அத்தை சொல்லிருச்சா?"

"மச்சான்..."

"உப்புச் சுத்திப் போட்டுதா?"

"போட்டுது மச்சான்." மோகன்ராஜ் அங்கேயே மண்டிபோட்டு அவர் காலைத் தேடினான்.

"அட, எந்திரிங்க மாப்ளை, எண்ணெய்த் தரை, வேட்டியெல்லாம் கெட்டுப் போயிரும்." அவனைத் தூக்கி நிறுத்தினார். "எனக்கு அந்த எட்டு, ஒம்பதுல எல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. மாமனுக்கு இருந்துச்சு. கையில அடிச்சுக் குடுத்துட்டன், அவ்வளவுதான். உள்ள போங்க. சித்ரா இருக்குது, காப்பி வெக்கும்."

மோகன்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறையைத் தாண்டி வீட்டுக்குள் போனான். "மாமா!" என்று சித்ரகலா அலறுவது கேட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியாத அலறல்.

ஞானாம்பாள் மட்டும் வாசலில் நின்றாள்.

"எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்க? நான் உங்க பொண்டாட்டிதானே?"

நஞ்சப்பன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கேட்டியா?"

அவள் வாசற்படியிலிருந்து ஒரு அடி உள்ளே வந்தாள்.

"சோறு போட்டுட்டுப் பார்ப்ப. சட்டைப் பையில கையை உடுவ. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எத்தனை நாளு, இன்னிக்குக் கேட்டுருவா, இன்னிக்குக் கேட்டுருவான்னு உக்காந்திருப்பன்."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீங்களா?"

யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "சொல்லியிருக்க மாட்டன். தம்பியாச்சே, நீ அவங்கிட்டச் சொல்லிப்போடுவ. ஆனாலும் நீ கேட்டிருக்கோணும், ஞானா."

அவள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வாய் வரை வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவில் அந்த வார்த்தை புழங்கியதே இல்லை. எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. சக்கரம் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"உடு, கையெல்லாம் கிரீஸ் ஆயிரும். நாளைக்கு வெள்ளைத் துணி செக்கிங்னு சொன்ன."

"ஆகட்டும்" என்றாள். விடவில்லை.

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஸ்போக் திருகும் சாவியை எடுத்து, அடுத்த கம்பியைத் திருகத் தொடங்கினார்.